லேத் மிஷின் இல்லாத பள்ளியும் ஹெல்பர் விசாவும்!

சமுதாய இளைஞர்களே! வணிகப் பெருமக்களே!

தென்னூர் உழவர் சந்தை மைதானத்தில் நாம் கேட்காத உரிமைக் குரலா? எழுப்பாத முழக்கமா? இட ஒதுக்கீடு கேட்டோம். 2007-ல் கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு சட்டமானது. அரசு வாசலைத் திறந்துவிட்டது. அந்த வாசல் வரை பிள்ளையை நடத்திக் கூட்டிப்போக வேண்டியவர் யார்? அரசா? நாமா?

கோபப்படாமல் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் ஜமாஅத் நடத்தும் பள்ளிக்கூடத்தில், உங்கள் அறக்கட்டளை நடத்தும் மேல்நிலைப் பள்ளியில், ஒரு லேத் மிஷின் இருக்கிறதா? அதை விடுங்கள், ஒரு வைஸ், பத்து அரம், ஒரு வெர்னியர் அளவுகோல், நாலு சால்டரிங் அயர்ன், ஒரு வரைபலகை? போய்ப் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

ஊரைச் சுற்றித் தொழிற்சாலை, உள்ளே என்ன?

நாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதாவது நமக்குத் தெரியுமா? பொன்மலை ரயில்வே பணிமனை 1928-லிருந்து இங்கே இருக்கிறது. ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினையே அங்கே புதிதாகச் செய்து கொடுத்தார்கள். 1965-ல் பாய்லர் தொழிற்சாலை வந்தது. அதை ஒட்டித் துவாக்குடியில் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்தன. துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. வெல்டிங்குக்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் 1975-லிருந்து இந்த மண்ணில் இயங்குகிறது. வெல்டிங் கற்றுக்கொள்ள இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் ஆள் இங்கே வருகிறான். தென்னூர்ப் பையனோ வெல்டிங் தெரியாமல் விமானம் ஏறுகிறான்!

ஏறிப்போய் என்ன வேலை? ‘ஹெல்பர்’. ‘கிளீனர்’. அதே விமானத்தில், பக்கத்து இருக்கையில், கையில் ஐ.டி.ஐ. சான்றிதழோடு ஃபிட்டர் வேலைக்குப் போகிறான் இன்னொருவன். ஒரே வெயில், ஒரே கேம்ப். சம்பளமும் மரியாதையும் மட்டும் வேறு. பத்தாம் வகுப்புத் தேறாதவன் கடவுச்சீட்டில் ‘குடியேற்ற அனுமதி தேவை’ என்று அரசாங்கமே குறித்து அனுப்புகிறது. சவூதி அரேபியா 2011-ல் ‘நிதாகத்’ சட்டம் கொண்டு வந்து சொந்த நாட்டவருக்கு முதலிடம் என்றபோது முதலில் நடுங்கியவர்கள் யார்? கைத்தொழில் எதுவும் தெரியாமல் போனவர்கள்தானே?

பிரிவு இருக்கிறது, பிள்ளை இல்லை

தமிழகத்தில் 1978-ல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்து வந்தது. ஜெனரல் மெஷினிஸ்ட், மின் இயந்திரங்கள், ஆட்டோமொபைல், கட்டடப் பணி எனப் பல பாடங்கள். இன்று அவையே அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல், அடிப்படை மின்னணுப் பொறியியல், அடிப்படைக் கட்டடப் பொறியியல் என்ற பெயர்களில் +1, +2 வகுப்பில் இருக்கின்றன.

இதைப் படித்தால் வழி அடைபட்டுவிடுமா? இல்லை. பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். பொறியியல் கல்லூரிக் கலந்தாய்வில் தொழிற்கல்வி மாணவர்களுக்கென்றே தனி இடங்கள் உண்டு. இந்தச் செய்தி எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? எத்தனை தலைமையாசிரியர்கள் சொன்னார்கள்?

சொல்ல மாட்டார்கள். காரணம் இருக்கிறது. மதிப்பெண் குறைந்த பையனைத் தள்ளிவிடும் குப்பைத் தொட்டியாக அந்தப் பிரிவை ஆக்கியவர்கள் பள்ளி நிர்வாகங்கள். ஓய்வு பெற்ற தொழிற்கல்வி ஆசிரியர் இடத்தை நிரப்பாமல் பல பள்ளிகளில் பிரிவையே சாகவிட்டது அரசு. “மெஷின் பழசு, வாத்தியார் இல்லை, பையன் சேரவில்லை” என்று சொல்லிக் கடைசியில் பூட்டுப் போடுகிறார்கள். ஆசிரியரை நிறுத்திவிட்டு மாணவன் வரவில்லை என்பது என்ன நியாயம்?

அரசு கொடுப்பதையாவது வாங்குகிறோமா? 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் புதிய தொழில்நுட்ப மையங்களாக மாற்றும் திட்டத்தில் ரோபோ, கணினியால் இயங்கும் லேத் எல்லாம் வந்திருக்கின்றன. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. வெல்டர் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும். நம் தெருவில் பத்தாவதோடு நின்றுபோன பையன்கள் எத்தனை பேர்? அவர்களில் ஒருவனையாவது கையைப் பிடித்து அழைத்துப்போய் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தோமா?

“இது குலக்கல்வி அல்லவா?”

சில படித்தவர்கள் இப்படிக் கேட்பார்கள். நியாயமான அச்சம்தான். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில் என்றது. அதைக் குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். தமிழகமே கொதித்தது. 1954-ல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. நல்லது.

ஆனால் இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். குலக்கல்வி சொன்னது: “உன் தகப்பன் தொழிலை நீ செய்.” பொறியியல் கல்வி சொல்வது: “உன் தகப்பன் என்ன செய்தாலும் சரி, நீ ஒரு இயந்திரத்தை வரைந்து, அளந்து, செய்து, ஓட்டிக் காட்டு.”

உண்மையைச் சொல்லப்போனால், குலக்கல்வி இன்றும் நடக்கிற இடம் நம் கடைகள்தான்! கடைக்காரர் மகன் பத்தாவதோடு கல்லாவில் உட்காருகிறான். கடைப்பையன் மகன் கடைப்பையனாகிறான். இதை எதிர்த்து யார் ஊர்வலம் போனது?

வணிகர்களே, உங்களுக்குத்தான்

“என் மகன் வியாபாரம் பார்க்கப் போகிறான், அவனுக்கு எதற்கு லேத்?” என்கிறீர்கள். தோல் வணிகத்தின் கதையை நினைத்துப் பாருங்கள். பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றிக் காசு பார்த்த காலம் ஒன்று இருந்தது. 1972-ல் சீதாராமையா குழு அறிக்கை தந்தது. பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. செருப்பாக, ஷூவாக, பையாகச் செய்து அனுப்பு என்றது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் இயந்திரமும் வடிவமைப்பும் கற்றுக்கொண்டவர்கள் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கே ஷூ தைத்துக் கொடுத்தார்கள். பழைய வழியே போதும் என்றவர்களின் தொட்டி காய்ந்தது.

நம் ஊர்க் கதையே இருக்கிறதே! திருச்சி செயற்கை வைரக் கல்லுக்குப் பேர் போன ஊர். இங்கும் புதுக்கோட்டைக் கிராமங்களிலும் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் பட்டை தீட்டிப் பிழைத்தன! 1990-களுக்குப் பிறகு இயந்திரத்தில் பட்டை தீட்டிய கல் வெளியிலிருந்து மலிவாக வந்து குவிந்தது. சாணையை வைத்துக்கொண்டு விழித்தோம். கைத்திறன் நம்மிடம் குறைவாக இல்லை. அந்தத் திறனை இயந்திரமாக்கத் தெரிந்த ஆள்தான் இல்லை.

மரக்கடையில் பலகை விற்பவர், இரும்புக்கடை வைத்திருப்பவர், மொபைல் கடை நடத்துபவர் எல்லாரும் யோசியுங்கள். பலகையை விற்றால் ஒரு லாபம். கணினியில் வரைந்து, அளவு பார்த்து, அலமாரியாக அறுத்துக் கொடுத்தால் எத்தனை மடங்கு? அந்த லாபம் இன்று யாருக்குப் போகிறது?

மேடையில் அல்-ஜஸரி, பள்ளியில் என்ன?

நம் மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு. பாக்தாதின் பனூ மூஸா சகோதரர்களைச் சொல்வோம். 1206-ல் நீர்க் கடிகாரமும் நீர் இறைக்கும் பொறியும் விளக்கி நூல் எழுதிய அல்-ஜஸரியைச் சொல்லிக் கைதட்டு வாங்குவோம். நபி நூஹ் (அலை) கப்பல் கட்டியதையும் நபி தாவூத் (அலை) கவசம் செய்ததையும் எடுத்துரைப்போம். இறங்கி வந்தால், பிள்ளை கையில் ஸ்குரூ டிரைவரைப் பார்த்ததும் “படிக்கிற பையனுக்கு இதென்ன வேலை?” என்று பிடுங்கி வைப்போம். எண்ணூறு வருஷத்துப் பெருமை ஒரு வீட்டு மோட்டாரைப் பழுது பார்க்க உதவுமா?

மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கவில்லை. இங்கிலாந்தில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ 1990-லேயே பள்ளிப் பாடமானது. பக்கத்து இலங்கையில் 2013-ல் உயர்தர வகுப்பில் தொழினுட்பத் துறை என்றே தனிப் பிரிவு தொடங்கினார்கள். அங்கே கிழக்கு மாகாண முஸ்லிம் மாணவன் பொறியியல் தொழினுட்பத்தைத் தமிழிலேயே படிக்கிறான். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அதற்கெனத் தொழினுட்ப பீடமும் இருக்கிறது. அதே மொழி, அதே மார்க்கம். அவனால் முடிந்தது நம்மால் ஏன் முடியவில்லை?

இந்தப் பாடத்தில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு தேவையைக் கண்டுபிடி. அதற்கொரு பொருளை வரை. அளவு போடு. செய். சோதித்துப் பார். உடைந்தால் ஏன் உடைந்தது என்று கண்டு மறுபடி செய். அவ்வளவுதான். மனப்பாடம் செய்தே பழகிய பிள்ளைக்குச் சொந்தமாக யோசிக்கக் கற்றுத்தரும் பாடம் இது. இது தெரியாமல் பணம் கட்டிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, நாலு வருஷம் கழித்துப் பட்டத்தோடு வந்து செல்போன் கடையில் நிற்கும் பிள்ளைகளை நாம் பார்க்கவில்லையா?

பெண் பிள்ளைகளையும் மறக்காதீர்கள். தையல் வகுப்போடு அவர்கள் அறிவை அளந்து முடித்துவிட முடியாது. மின்னணுச் சாதனமும் கணினி வரைபடமும் அவர்கள் கைக்கு இன்னும் நன்றாகவே வரும்.

என்ன செய்ய வேண்டும்?

ஒன்று: நம் நிர்வாகத்திலுள்ள ஒவ்வொரு பள்ளியிலும் எட்டாம் வகுப்பிலிருந்து வாரம் இரண்டு பாடவேளை பட்டறை. எல்லாப் பிள்ளைகளுக்கும். முதல் மாணவனுக்கும் கடைசி மாணவனுக்கும்.

இரண்டு: +1-ல் ஒரு பொறியியல் தொழிற்கல்விப் பிரிவு. கணக்கும் இயற்பியலும் விட்டுப்போகாமல் சேர்த்தே சொல்லித்தர வேண்டும்.

மூன்று: செலவை வணிகர்கள் ஏற்க வேண்டும். பட்டறைக்கு முதலில் வேண்டிய கைக்கருவிகள் ஒரு கல்யாண மண்டபத்தின் ஒருநாள் செலவுக்குள் அடங்கும். ஜமால் முகம்மது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் கொடுத்ததால்தான் 1951-ல் இந்த ஊரில் ஒரு கல்லூரி எழுந்தது. அவர்கள் அன்று யோசித்துக்கொண்டே இருந்திருந்தால்?

நான்கு: ஓய்வு பெற்ற பாய்லர் ஆலைத் தொழிலாளர்களையும் பொன்மலைத் தொழிலாளர்களையும் தேடிப் பிடியுங்கள். எந்தச் சமயத்தவரானாலும் சரி. முப்பது வருஷ அனுபவத்தை வீட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மரியாதையோடு அழைத்தால் வருவார்கள்.

ஐந்து: அரசிடம் கேட்போம். மூடிய தொழிற்கல்விப் பிரிவுகளைத் திற, ஆசிரியர் இடங்களை நிரப்பு என்று கேட்போம். 2021-ல் பொறியியல் படிப்புக்கும் விரிவான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டுமே. அதே ஏழை வீட்டுப் பிள்ளை அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தால் அவனுக்கு இல்லை. இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் நம் பள்ளியில் ஒரு வைஸ் கூட வாங்கி வைக்காமல் கேட்டால் அந்தக் குரலுக்கு வலு இருக்குமா?

இளைஞனே! அடுத்த ஜமாஅத் பொதுக்குழுவில் பெயிண்ட் அடித்த கணக்கும் ஒலிபெருக்கிக் கணக்கும் வாசித்து முடித்ததும் நீ எழுந்து நில். “பள்ளிக்கூடத்தில் பட்டறை எப்போது?” என்று கேள். உட்காரச் சொல்வார்கள். பதில் கிடைத்தபின் உட்கார்.

ஜூன் மாதச் சேர்க்கைக்கு முன் அந்தப் பதிலை வாங்கிவிட்டால், இன்ஷா அல்லாஹ், இன்னும் சில ஆண்டுகளில் நம் தெருவிலிருந்து விமானம் ஏறுகிறவன் ஹெல்பராகப் போக மாட்டான். ஏறாமல் ஊரிலேயே தங்கி நாலு பேருக்கு வேலை கொடுக்கிறவனும் நம் தெருவில் இருப்பான்.