ஆழ்கடல் உயிர்களும் நமது கடமையும்

கண்ணுக்கு எட்டாத இடத்தில் உயிரும் இராது என்று தீர்ப்புக் கூறுதல் மனிதர்க்கு எளிது. 1843-ஆம் ஆண்டில் எட்வர்டு போர்ப்ஸ் என்னும் இயற்கைநூல் வல்லார், சமுத்திரத்தில் 300 பாகத்திற்குக் கீழே உயிர்கள் இரா எனக் கருதினார். 1872 முதல் 1876 வரை கடல்களை ஆராய்ந்த சாலஞ்சர் கப்பலின் வலைகள் அக்கருத்தின் பிழையை ஐயமற விளக்கின.

2022-ஆம் ஆண்டில் ஜப்பானை அடுத்த கடலகழியொன்றில், 8,336 மீட்டர் ஆழத்தில், நத்தைமீன் ஒன்று படம் பிடிக்கப்பட்டது. ஆங்கு அழுத்தம் காற்றழுத்தத்தினும் எண்ணூறு மடங்குக்கு மேல்; குளிரோ உறைநிலையை அடுத்தது. அம்மீனினத்திற்குக் காற்றுப்பை இல்லை. ஆதலின் நசுங்குதற்குரிய வெற்றிடமும் இல்லை. டிரைமெதிலமைன் ஆக்சைடு என்னும் பொருள் அதன் புரதங்கள் உருக்குலையாவண்ணம் காக்கின்றது. ஆழ்கடல் மீன்களின் உயிரணுச் சவ்வுகளில் குளிரில் எளிதில் இறுகாத கொழுப்பும் மிகுதி.

ஆயினும் இத்தகுதியே அவ்வுயிர்கட்குத் தளையுமாம். ஆழத்திற்கென்றே அமைந்த உடல் மேலே வந்து புகலிடம் தேட இயலாது. இதனை ஈண்டு வற்புறுத்தக் காரணம் உண்டு. 4,000 முதல் 6,000 மீட்டர் ஆழத்துச் சமவெளிகளில் கிடக்கும் உலோகக் கட்டிகளை வாரியெடுக்கப் பல நாடுகள் விழைகின்றன. இந்துமகா சமுத்திரத்தின் நடுவே அவற்றை ஆராய்தற்கு இந்தியாவும் 2002-இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டரே வளரும் அக்கட்டிகளின்மேல் ஒட்டி வாழும் பிராணிகளும் உள.

உலோகம் வேண்டாம் என்பது எமது கருத்தன்று. போர்ப்ஸ் காணாது உரைத்தார். அதனால் எவ்வுயிர்க்கும் கேடு விளையவில்லை. நாம் காணாது தோண்டின் அக்கேட்டை மாற்றுவார் யார்? ஆண்டவன் படைப்பை முதலில் அறிக. பின்னரே தோண்டுதலைப்பற்றி எண்ணுக. இதுவே எமது துணிபு.