'பிரிக்கப்பட்டன' என்று எழுதினேன்

கொல்லிமலையில் பைல் நாடு என் ஊர். சிறுவயதில் ஒரு மழைக்காலத்தில் எங்கள் மண்வீட்டின் சுவர் சரிந்தது. அப்பா அந்த மண்ணையே அள்ளி, தண்ணீர் விட்டு மிதித்து, திரும்பச் சுவர் வைத்தார். அதற்கு மறுசுழற்சி என்று பெயர் இருப்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. இன்று இடித்த கான்கிரீட்டைத் திரும்பப் பயன்படுத்துவதில்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன்.

ஆய்வில் சேர்ந்த புதிதில் ஒருவர் கேட்டார்: "மலையாளி பழங்குடியா? மூலிகை பற்றிச் செய்திருக்கலாமே?" மலையிலிருந்து வருகிறவனுக்குச் செடிதான் தெரியும், சிமெண்ட் தெரியாது என்பது அவர் கணக்கு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் சிமெண்ட் மூட்டையின் அருமை எங்களுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்?

பழைய கான்கிரீட்டை உடைத்து எடுக்கும் ஜல்லியில் பழைய சாந்து ஒட்டியிருக்கும். கருங்கல் ஜல்லி பெரும்பாலும் ஒரு விழுக்காடுகூடத் தண்ணீர் உறிஞ்சாது. இது 4, 5 விழுக்காடு உறிஞ்சும். அதனால்தான் ஐ.எஸ். 383 தரநிர்ணயம் 2016-இல் இதை அனுமதித்தபோது எல்லையும் வகுத்தது: கம்பி கட்டிய கான்கிரீட்டில் எம்-25 தரம் வரை 20 விழுக்காடு, கம்பி இல்லாததில் 25 விழுக்காடு. அதோடு ஜிப்சம், செங்கல், மரத்துண்டு கலந்துவிட்டால் தரம் இன்னும் கெடும். ஆகவே ஜல்லியின் தரம் பெருமளவுக்கு இடிக்கும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

மாதிரி எடுக்கச் சென்னையில் அப்படிப்பட்ட இடங்களுக்குப் போவேன். ஓரிடத்தில் சித்தாள் அக்கா ஒருவர் கான்கிரீட் துண்டைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தைக் கேட்டே நல்லதை ஒரு பக்கமும் உளுத்ததை மறுபக்கமும் போட்டார். முகத்தில் சுற்றியிருந்த துண்டுதான் அவருக்கு முகக்கவசம். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் வந்தால் குணப்படுத்த மருந்து கிடையாது. இப்படிப்பட்ட இடங்களில் நான் பேசியவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், வடமாநில ஆதிவாசிகள்.

அன்றிரவு என் குறிப்பேட்டில் எழுதினேன்: "மாதிரிகள் தரம் பிரிக்கப்பட்டன." யார் பிரித்தார்கள் என்று எழுதவில்லை. எங்கள் துறையில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம். உழைப்பை வாங்கிக்கொண்டு உழைத்தவரை வாக்கியத்திலிருந்து வெளியேற்றுவது இலக்கணம் மட்டுமல்ல தோழர்களே, அது சாதியின் பழைய பழக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-இல் வந்த கட்டுமானக் கழிவு விதிகள், கான்கிரீட், மண், இரும்பு, மரம், செங்கல் என்று பிரித்து வைக்கக் கூறின. 2025-இல் வந்த புதிய விதிகள், 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்கு, 2026 ஏப்ரல் 1 முதல் மறுசுழற்சிப் பொறுப்பைச் சுமத்துகின்றன. நல்லது. பசுமைக் கட்டடச் சான்றிதழ்களிலும் மறுசுழற்சிப் பொருளுக்குப் புள்ளி உண்டு. புள்ளி கட்டடத்துக்குப் போகிறது, தூசி அந்த அக்காவுக்குப் போகிறது. சென்னையின் இடிபாட்டு ஆலைகள் இருப்பதும் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும்தான். ஏற்கெனவே நகரத்தின் குப்பையைச் சுமக்கும் பகுதிகள் அவை.

எங்கள் வீட்டில் சுவரை இடித்தவர், கட்டியவர், குடியிருந்தவர் எல்லாம் ஒருவரே. நகரத்தில் இவர்கள் மூன்று பேர். மூவருக்கும் நடுவில் சாதி நிற்கிறது. இதைப் பேசாத 'நீடித்த வளர்ச்சி' மலையைக் காப்பாற்றலாம், மனிதரைக் காப்பாற்றாது.

எனவே கேட்கவேண்டியவை எளியவை. 1996-ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டமே இடிப்பு வேலையையும் கட்டுமான வேலை என்றுதான் சொன்னது. இடிப்பவர் ஒவ்வொருவரையும் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். தரம் பிரிப்பதைத் திறன் வேலையாக ஏற்று அதற்குரிய கூலி கொடுங்கள். தண்ணீர் தெளிக்காமல், முறையான முகக்கவசம் தராமல் இடிக்க அனுமதிக்காதீர்கள். அரசு வாங்கும் மறுசுழற்சி ஜல்லியின் விலையில் இந்தச் செலவும் சேரட்டும்.

என் பங்குக்கு அந்த வாக்கியத்தைத் திருத்திவிட்டேன். இப்போது அது இப்படி இருக்கிறது: "இடிப்பு வேலை செய்யும் பெண் தொழிலாளி ஒருவர், தட்டிப் பார்த்து, சத்தத்தைக் கொண்டு மாதிரிகளைத் தரம் பிரித்தார்." செயல்முறை என்ற தலைப்பின் கீழ், முதல் வரியாக.