துக்கத்துக்குப் பக்கக் கணக்கு உண்டா?

டானா டார்ட்டின் 'தி கோல்டுஃபின்ச்' 2013இல் வந்தது, மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. தாயைப் பறிகொடுத்த பையன் போதைக்குள் விழுகிற கதை, 750 பக்கங்களுக்கும் மேல். ஏமாற்றமாக இருக்கிறது என்று சொன்னால் கோவில்பட்டி வாசக நண்பர்கள்கூட, "துக்கம் அப்படித்தான் நீளும், உங்களுக்குப் பொறுமை இல்லை" என்கிறார்கள்.

பொறுமைக்கு என்ன குறை? பூமணியின் 'அஞ்ஞாடி' ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். 1899 சிவகாசிக் கலவரம் வரை கதை விரிகிறது. சொல்ல அவ்வளவு இருந்தது, அதனால் நீண்டது. கரிசல்காட்டு வாசகர்கள் அதை விரும்பியே படித்தோம்.

இழப்பின் ஆழத்தைக் காட்ட நீளம் வேண்டும் என்பதை டார்ட்டின் முதல் பகுதியே பொய்யாக்குகிறது. அருங்காட்சியகத்தில் குண்டு வெடிக்கிறது. 13 வயது தியோ வீட்டுக்கு வந்து, அம்மா எப்படியும் வந்துவிடுவாள் என்று காத்திருக்கிறான். சில பக்கங்கள்தான், நெஞ்சை அடைத்துவிடுகிறது. நம் இடைசெவல் கி.ரா.வின் 'கதவு' அதைவிடச் சின்னது. தீர்வை பாக்கிக்காகக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். கதவில்லாத வீட்டில் வாடைக்காற்று புகுந்து கைக்குழந்தை செத்துப்போகிறது. அந்தச் சாவை இன்னும் நூறு பக்கம் எழுதியிருந்தால் கூடுதலாக வலித்திருக்குமா?

போதை திரும்பத் திரும்ப வருவது, ஆகவே நாவலும் அப்படித்தான் இருக்கும் என்பது அடுத்த வாதம். லாஸ் வேகாஸில் தியோவும் நண்பன் போரிஸும் குடிக்கிறார்கள், மாத்திரை போடுகிறார்கள், வாந்தியெடுக்கிறார்கள், மறுபடி குடிக்கிறார்கள். சலிப்பைக் காட்டுவது வேறு, வாசகனைச் சலிக்க வைப்பது வேறு. எங்கள் பக்கம் ஒருவன் குடிக்கு அடிமையானால், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் மனைவியின் கூலியிலும் அடகுக்குப் போன அண்டாவிலும்தான் அது தெரியும். தியோவுக்கும் அப்படி ஒருவர் உண்டு: அடைக்கலம் தந்த ஹோபி. அவர் கடையிலிருந்தே போலி மரச்சாமான்களை அசல் என்று விற்கிறான். நாவல் தங்கியிருக்க வேண்டிய இடம் அதுதான். அதுவோ ஆம்ஸ்டர்டாம் துப்பாக்கிச் சண்டைக்கு ஓடுகிறது. ஜி. நாகராஜனுக்கு 'நாளை மற்றுமொரு நாளே'யில் கந்தனின் ஒரே நாள் போதுமாக இருந்தது.

இருட்டாக எழுதினால்தான் உண்மை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. இது மானாவாரி மண். மழை பொய்த்தால் என்னவாகும் என்று இங்கே யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையில் ஏழைத் தாய் ஒருத்தி, சிரங்கு பிடித்த அநாதைச் சிறுவனைக் குளிப்பாட்டித் துணி கொடுக்கிறாள். அந்தப் பரிவினால்தான் வறுமை நம்மை உறுத்துகிறது.

நாவலுக்குப் பெயர் தந்த ஃபாப்ரிட்டியஸின் ஓவியம், 1654இல் தீட்டியது, ஒன்றே கால் அடி உயரம்கூட இல்லை. சங்கிலியிட்ட குருவிக்கு அவர் விளக்கம் எதுவும் எழுதி ஒட்டவில்லை. டார்ட் கடைசிப் பக்கங்களில் தியோவை நிறுத்திவைத்து, வாழ்வும் கலையும் என்னவென்று பாடம் நடத்துகிறார். இத்தனை நூறு பக்கம் கூடவே வந்த வாசகனை நம்பாததுதான் எனக்குப் பெரிய வருத்தம்.