தலைக்கட்டுக் கணக்கிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்

பசியாவரத்து ஊர்ப் பெரியவர்களுக்கும், பெரியம்மா சித்திமார்களுக்கும், என்னோடு வலை இழுத்த அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

சிங்கப்பூர்க் குடியுரிமைக்கு மனுப் போட்டிருக்கிறேன். கிடைத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அம்மா வாய்வழியாக இது ஊருக்குள் பரவி, “பிஆர்தான் இருக்கே, அது போதாதா? நம்ம பாஸ்போர்ட்ட எதுக்குத் தூக்கிக் குடுக்குறான்?” என்று மாமா ஒருவர் கேட்டாராம். கேட்க வேண்டிய கேள்விதான். போனில் பதில் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும். அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பிஆர் எனப்படும் நிரந்தரவாசத்தை ஊரில் பலர் பட்டா மாதிரி நினைத்திருக்கிறீர்கள். வாங்கிவிட்டால் கடைசிவரை நம்முடையது என்று. அப்படி இல்லை. நிரந்தரவாசி நாட்டைவிட்டு வெளியே போய்த் திரும்ப மறுநுழைவு அனுமதி என்று ஒன்று வேண்டும். வழக்கமாக ஐந்து வருடத்துக்குக் கொடுப்பார்கள். புதுப்பிக்கும்போது இங்கே வேலை இருக்கிறதா, இங்கேதான் வாழ்கிறோமா என்று பார்ப்பார்கள். வேலை போய், ஊருக்கு வந்து தங்கியிருக்கும்போது அந்த அனுமதி முடிந்துபோனால் நிரந்தரவாசமே ஆட்டம் கண்டுவிடும். ஐம்பது வயதைத் தாண்டிய கப்பல் பட்டறைக்காரனுக்கு வேலை எப்போது போகும் என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் அந்தப் பயம் மட்டும் என்னை இந்த முடிவுக்குத் தள்ளவில்லை. என் மகன் தள்ளினான்.

நான் வேலையைக் காட்டி பிஆர் வாங்கியவன். எனக்குத் தேசிய சேவை கிடையாது. அப்பாவின் மூலம் பிஆர் ஆன பையனுக்கு அது உண்டு. பதினெட்டு வயதில் இரண்டு ஆண்டு முழுநேரமாகப் படையிலோ, போலீசிலோ, குடிமைத் தற்காப்பிலோ இருக்க வேண்டும். அதைச் செய்யாமல் கிளம்பிப் போகிறவன் பிறகு இங்கே படிக்கவோ வேலைக்கோ மனுச் செய்தால் அது அவனுக்கு எதிராக நிற்கும். இவன் கிளம்பவில்லை. மழையில் நனைந்து, காட்டில் படுத்து, கறுத்து இளைத்துச் சேவையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, “அப்பா, தேர்தல்ல எனக்கு ஓட்டு இல்லையாமே” என்றான். நிரந்தரவாசிக்கு இங்கே ஓட்டு கிடையாது. ஒரு நாட்டைக் காக்கத் துப்பாக்கி தூக்கியவன் அந்த நாட்டை யார் ஆள்வது என்று சொல்ல முடியாமல் நிற்கலாமா? அவன் குடிமகனாக வேண்டும் என்றான். அவனை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு நானும் என் மனைவியும் இந்தப் பக்கம் நிற்க மனம் வரவில்லை.

தாள் இல்லாமல் இன்னொரு நாட்டில் உழைத்த தமிழர்களின் கதை நமக்குப் புதிது இல்லை. டச்சுக்காரர்கள் 1613இல் நம் எதிர்க்கரையில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். இந்தக் கரையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அது வெகு பழைய கதை என்பீர்கள். கிட்டத்தில் நடந்ததையே பாருங்கள். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம் என்று தள்ளிவைத்தார்கள். இலங்கையில் பிறந்து வளர்ந்தவர்கள்கூட ஒரு தாள் இல்லாததால் தலைகளாக எண்ணப்பட்டார்கள். மலேசியாவில் விடுதலைக்குப் பிறகு, குடியுரிமை வாங்க வாய்ப்பு இருந்தும் பல தோட்டத் தொழிலாளர்கள் வாங்கவில்லை. சிலருக்கு விவரம் தெரியவில்லை. சிலரிடம் பிறப்புச் சான்று இல்லை. என்றைக்கு இருந்தாலும் ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம் என்று இருந்துவிட்டவர்களும் உண்டு. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி வாங்க வேண்டும் என்ற சட்டத்தை 1969க்குப் பிறகு இறுக்கியபோது பல்லாயிரம் பேர் வேலையிழந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். “எப்படியும் திரும்பிவிடுவோம்” என்ற நினைப்பில் காலம் தள்ளுவதை நான் இன்று அஞ்சுவது அவர்களை நினைத்துத்தான்.

இரட்டைக் குடியுரிமை விஷயத்தில் இந்தியச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1955ஆம் வருடத்துக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் இந்தியக் குடிமகன் அல்ல. சிங்கப்பூரும் இரண்டை ஒப்பாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ கார்டு வாங்கிக்கொள்ளலாம். அதை வைத்து விசா இல்லாமல் ஆயுள் முழுக்க வந்துபோகலாம், தங்கலாம், வேலைகூடச் செய்யலாம். விவசாய நிலம் வாங்க முடியாது, ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்க முடியாது. இதைச் சொன்னதும் அம்மா அழுதாள். எனக்கும் வலிக்கிறது. பிஆராக இருக்கும்வரை வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொண்டு, தேர்தலன்று ஊருக்கு நேரில் வந்து ஓட்டுப் போடலாம். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கு அந்த உரிமையை 2010இல் கொடுத்தார்கள். குடியுரிமை கிடைத்தால் அதுவும் போய்விடும்.

வலித்தாலும் இது நியாயம் என்றுதான் நினைக்கிறேன். அந்த நியாயத்தை நான் கற்றது நம் பழவேற்காட்டு ஏரியில். கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில் பாடு முறை எப்படி நடக்கிறது? எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பது முறைப்படி சுற்றிவரும். பணக்காரன் நல்ல இடத்தை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ள முடியாது. பாடு இல்லாத இருளர்களும் மற்ற ஏழைகளும் இதனால் ஒதுக்கப்பட்டது தனிப் பெரிய வழக்கு. அதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனாலும், தண்ணீரில் இறங்குகிறவனுக்குத்தான் தண்ணீரில் பங்கு என்ற அடிப்படையை நான் மதிக்கிறேன். முகத்துவாரம் மணல் மூடி ஏரி மூச்சு முட்டும்போது பட்டினி கிடப்பவர்கள் நீங்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்துக்கு எதிராகத் தெருவில் நின்றவர்கள் நீங்கள். படகில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, காற்று அடிக்கும்போதெல்லாம் வாசலில் நின்றவர்கள் நீங்கள். பாலம் கேட்டு அலைந்ததும் நீங்கள்தான். இத்தனையும் நடந்தபோது நான் இங்கே மாதச் சம்பளத்தில் இருந்தேன்.

ஆகவே ஊர்க் கூட்டத்தில் இதைப் படிக்கும்போது என் கோரிக்கையையும் எழுதிக்கொள்ளுங்கள். ஊருக்கு வரி கட்டும் குடும்பங்களின் தலைக்கட்டுக் கணக்கிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். “வெளிநாட்டுல இருந்து வரி ஒழுங்கா வருது, இருக்கட்டும்” என்று சிலர் சொல்வீர்கள். வேண்டாம். வரி கட்டினால் பேச்சுரிமை கேட்கத் தோன்றும். நாளை ஊருக்கு ஒரு நிவாரணம் வந்தாலோ, நஷ்டஈடு பற்றிப் பேச அதிகாரிகள் வந்தாலோ, சிங்கப்பூரில் இருக்கிறவனின் வாக்கும் ஏரியில் இறங்குகிறவனின் வாக்கும் ஒன்றாக எண்ணப்படக் கூடாது. கோயில் திருவிழாவுக்குக் காணிக்கை அனுப்புவேன். அதற்குக் கணக்கில் பெயர் வேண்டியதில்லை. என் பங்கு என்று ஏதாவது இருந்தால் தம்பி மகனுக்குப் போகட்டும். அவன் இன்னும் கடலுக்குப் போகிறான்.

கடைசியாக, கிளம்பத் துடிக்கும் பையன்களுக்கு ஒன்று. ஏஜெண்டு “ரெண்டு வருஷத்துல பிஆர்” என்று சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள். சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் எத்தனை வருடம் உழைத்தாலும் பிஆருக்கு மனுச் செய்ய முடியாது. எஸ் பாஸோ எம்ப்ளாய்மெண்ட் பாஸோ வேண்டும். அதற்கேற்ற சம்பளம் கட்டாயம் வேண்டும்; படிப்பு, டிப்ளமா, கைத்தொழில் சான்றிதழ் போன்றவற்றையும் பார்ப்பார்கள். வொர்க் பெர்மிட்டில் மனைவி பிள்ளைகளைக் கூட்டிவரவும் முடியாது. வளைகுடாப் பக்கம் மீன்பிடிக் கூலியாகப் போகிறவனுக்கு அங்கே குடியுரிமை என்ற பேச்சே கிடையாது. அங்கே போவது சம்பாதித்துத் திரும்ப மட்டும்தான். அதுவும் கௌரவமான வேலைதான், ஆனால் தெரிந்து போங்கள். கடன் வாங்குவதற்கு முன்னால், கொடுக்கப்போவது எந்த பாஸ், அதில் என்ன சம்பளம் எழுதியிருக்கிறது என்று கேட்டுக் காகிதத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள். என் தங்கையிடம் நம்பர் இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிட்டால் நிச்சயம் எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
சிங்கப்பூரிலிருந்து உங்கள் வீட்டுப் பிள்ளை