கேமராவுக்கு முன் கதை

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் 1943-இல் ஒளிப்பட இதழியல் பாடத்துக்கு அடித்தளமிட்டவர் கிளிஃப்டன் ஈடம். 1949-இல் அவரும் மனைவி வை ஈடமும் தொடங்கிய மிசௌரி ஒளிப்படப் பயிலரங்கை அதைவிடப் பெரிய கொடையாக நினைக்கிறேன். ஆண்டுக்கொரு சிற்றூர், ஒரு வாரம். வந்து இறங்கியதும் யாரும் படமெடுத்துவிட முடியாது. தெருத்தெருவாக நடந்து, கடைக்காரரிடமும் விவசாயியிடமும் பேசி, ஒரு கதையைக் கண்டுபிடித்து ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். அவர் தலையசைத்த பிறகுதான் முதல் படம். டிஜிட்டல் வந்த பின்னும் 400 படங்களுக்கு மேல் எடுக்கக் கூடாது, எடுத்ததை அழிக்கவும் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அந்த வரம்புதான் ஆசிரியர் என்பேன். ராய் ஸ்ட்ரைக்கரும் ரசல் லீயும் முதல் பயிலரங்கிலேயே கற்பித்தார்கள். பொருளாதாரப் பெருமந்தத்தில் நொடிந்த கிராமங்களை அமெரிக்காவுக்குக் காட்டிய அரசுத் திட்டத்தில் உழைத்தவர்கள் அவர்கள். மனிதரை அறியாமல் அவர் முகத்தைப் பிடிக்க முடியாது என்பதை அனுபவத்தில் கண்டவர்கள். நம் ஊர் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. லென்ஸ், லைட்டிங், எடிட்டிங் எல்லாம் கற்கிறார்கள். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பதற்குப் பாடவேளை எங்கே இருக்கிறது? துறைத் தலைவர்கள் பருவத்துக்கு ஒரு வாரத்தை ஒதுக்கி, மாணவர்களோடு தாங்களும் ஓர் ஊரில் போய்த் தங்கலாம். முதல் இரண்டு நாள் கேமராக்கள் பையிலேயே இருக்கட்டும்.