பேரும் அரைப் பேரும்

ஆகுபெயர் என்ற சொல்லைக் கேட்டவுடன் அதன் வகைகளை மூச்சுவிடாமல் ஒப்பிப்பதும், ஒப்பித்து முடித்தவுடன் மறந்துவிடுவதும் நம் மாணவரிடையே வழக்கமாகிவிட்டன. சினையாகுபெயருக்கு அவர்கள் காட்டும் உதாரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "வெற்றிலை நட்டான்." வெற்றிலை கொடியின் ஓர் உறுப்பு, நடப்பட்டதோ கொடி. உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகிவந்தது. விளக்கத்தில் குறையொன்றும் இல்லை. ஆயினும் அட்டனிலோ நுவரெலியாவிலோ தோட்டப் பாடசாலையில் இருந்து இதனைக் கேட்கும் பிள்ளை வெற்றிலைக் கொடிக்காலைக் கண்டிருக்குமா? அப்பிள்ளையின் வாசலில் தொடங்கி மலை மலையாகப் பரந்து கிடப்பது தேயிலை. "இது பாட்டன் காலத்தில் நட்ட தேயிலை" என்று வீட்டார் சொல்லக் கேட்டு வளரும் பிள்ளை அது. இலையையா நட்டார்கள்? செடியை அன்றோ நட்டார்கள்! வெற்றிலைக்கு உரைத்த இலக்கணம் முழுவதும் தேயிலைக்கும் பொருந்துகின்றது.

ஆகுபெயர் புலவர் செய்யுளுக்குப் பூட்டிய அணிகலன் என்று எண்ணுவோர் தோட்டத்துப் பேச்சைச் சிறிது செவிகொடுத்துக் கேட்க வேண்டும். "அவள் கொழுந்துக்குப் போய்விட்டாள்" என்பார்கள். இங்கே கொழுந்து என்பது கொழுந்து பறிக்கும் தொழிலுக்கு ஆயிற்று. "லயம் முழுதும் திரண்டு வந்தது" என்பார்கள். வந்தது கட்டடமன்று, அதில் வாழும் மக்கள். "இன்றைக்கு எத்தனை கிலோ?" என்று கேட்பார்கள், நிறையின் பெயர் நிறுக்கப்பட்ட கொழுந்தைக் குறித்தது. தொழிலாளர் நாட்சம்பளமாக ஆயிரம் ரூபாய் கேட்டுப் பல்லாண்டு போராடியபோது, "ஆயிரம் வந்ததா?" என்பதே மலைநாடெங்கும் கேள்வியாயிற்று. 2021ஆம் ஆண்டில் அத்தொகை வர்த்தமானியில் வெளிவரும்வரை "ஆயிரம்" என்ற எண்ணுப்பெயர் ஒரு சமுதாயத்தின் உரிமைக்கு ஆகிநின்றது. எண்ணலளவையாகுபெயருக்கு இதனினும் உயிருள்ள உதாரணம் யான் அறியேன்.

இவையெல்லாம் கொச்சை வழக்கு, இலக்கண வகுப்பில் ஏறத்தகாதவை என்று கூறுவாரும் உளர். அவர்களுக்கு நன்னூலாரே விடை கூறிவிட்டார். ஒன்றன் பெயர் பிறிதொன்றுக்கு ஆவதற்கு அவர் இரண்டு நியமங்கள் வைத்தார்: இரண்டிற்கும் இயைபு வேண்டும், அவ்வாறு சொல்லுதல் தொன்றுதொட்ட முறையாக வேண்டும். இருநூறு ஆண்டுகளாக ஒரு மக்கட் கூட்டம் தன் உழைப்பையும் துயரையும் சொல்லிவந்த சொற்களுக்கு இவ்விரண்டும் இல்லையென யார் சொல்லத் துணிவார்?

தோட்ட வழக்கில் இவை எல்லாவற்றினும் ஆழமானதோர் ஆகுபெயர் உண்டு. அது "பேர்" என்பது. வேலைக்கு வந்தவரின் பெயர் செக்ரோலில் பதியப்படுகின்றது. பதிந்த பெயருக்கு ஒருநாட் சம்பளம். ஆகவே பெயர் என்ற சொல்லே நாட்சம்பளத்துக்கு ஆகிவிட்டது. குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். மழையில் நனைந்து மலையேறி இறங்கிய பெண், மாலையில் "எனக்கு அரைப் பேர்தான் போட்டார்கள்" என்று சொல்லும்போது, பாதிச் சம்பளம் என்பது மட்டுமா அச்சொல்லின் பொருள்?

தமிழில் மனிதரை எண்ணும் முறையை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். மாட்டை எண்ணும்போது "ஐந்து மாடு" என்கிறோம். மரத்தை எண்ணும்போது "ஐந்து மரம்" என்கிறோம். மனிதரை எண்ணும்போதோ "ஐந்து பேர்" என்கிறோம். பெயர் ஆளுக்கு ஆகிவந்தது. எண்ணப்படுகிறவர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பெயருடையவர் என்ற உண்மையை எண்ணிக்கையின் உள்ளேயே நம் மொழி பொதிந்து வைத்திருக்கின்றது. ஒருவருக்கு ஒரு பேர் உண்டு. அரைப் பேர் உடையவர் உலகில் எவருமில்லை. கணக்கேடு எழுதியவர்கள் அறியாமலே அந்த ஆகுபெயரைப் பாதியாக வெட்டினார்கள்.

பிற்கால இலக்கணகாரர் விட்ட ஆகுபெயர், விடாத ஆகுபெயர் என்றொரு பாகுபாடு கூறுவர். "ஊர் சிரித்தது" என்னுமிடத்து மண்ணும் மனையும் சிரிக்கவில்லை. சொல் தன் பொருளை விட்டுவிட்டது. "தேயிலை நட்டான்" என்னுமிடத்துச் செடியோடு இலையும் அடங்கி நிற்கின்றது; சொல் தன் பொருளை விடவில்லை. இப்பாகுபாட்டை மனிதரைக் குறிக்கும் சொற்களுக்குச் சற்று விரித்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து. ஆளை விட்டுவிடும் ஆகுபெயரும் உண்டு. ஆளை விடாத ஆகுபெயரும் உண்டு.

முன்னாளில் தோட்டங்களில் "துண்டு" என்றொரு முறை இருந்தது. தொழிலாளியின் கடனைக் குறித்த சீட்டே துண்டு. அக்கடனைத் தீர்ப்பவரிடம் அவர் வேலைக்கு மாறலாம். நாளடைவில் துண்டு கைமாறியது என்றால் மனிதர் கைமாறினார் என்பதே பொருளாயிற்று. 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் அம்முறை ஒழிந்தது. வேலைக்கு வந்த தலைக்கு இத்தனை சதம் என்று கங்காணிக்குக் காசு கொடுத்ததும் உண்டு. தலை எண்ணப்பட்டது, முகம் காணப்படவில்லை. இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கில நாட்டு ஆலைகளில் தொழிலாளரைக் "கைகள்" என்றே அழைத்தனர். சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1854இல் வெளியிட்ட "ஹார்ட் டைம்ஸ்" என்னும் நாவலில் அவ்வழக்கை எள்ளி நகையாடினார். சினையைக் கூறி முதலை மறந்த ஆகுபெயர்கள் இவை.

அரசியலார் பேச்சிலும் இதே நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோரான மக்களைப் பற்றி 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்தனர். 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பது தீர்மானம். 1974இல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாகப் பங்கிட்டனர். பேர் என்ற சொல் ஆவணத்தில் இருந்தது. பெயர்களை யாரும் கேட்கவில்லை. அரைப் பேர் போடும் கணக்கு இரு தேசங்களின் கணக்காயிற்று.

இதனால் ஆகுபெயரே தீது என்று கொள்ளலாகாது. "மலையகம்" என்ற சொல்லைப் பாருங்கள். அதுவும் இடவாகுபெயரே. தோட்டத்தின் பெயரால் இம்மக்களை இழித்துரைத்த வாய்கள் பல. இடத்தால் பெயர் பெறுவதே இழிவென்று அவர்கள் ஒதுங்கவில்லை. தாம் உழைத்து உருவாக்கிய மலையின் பெயரைத் தாமே எடுத்துச் சூடிக்கொண்டனர். 2023ஆம் ஆண்டில், மூதாதையர் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தபோது, "மலையகம் நடந்தது" என்று சொன்னால் அதில் மலையும் உண்டு, மக்களும் உண்டு. ஆளை விடாத ஆகுபெயருக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெற்றிலையை நீக்க வேண்டாம். அதன் அருகே தேயிலையையும் நடுங்கள். வீட்டில் கேட்கும் ஆகுபெயர்களை எழுதிவரச் சொல்லிப் பிள்ளைகளைப் பணித்தால், இலக்கணம் தங்கள் லயத்தில் முன்னரே குடியிருப்பதை அவர்கள் காண்பார்கள். தம் தாயின் பேச்சு தாழ்ந்ததன்று என்ற துணிவும் அவர்களுக்குப் பிறக்கும். எழுதுவோருக்கும் மேடையேறுவோருக்கும் ஒரு சொல். தலை என்றும் கை என்றும் தொகை என்றும் நீங்கள் மக்களைச் சுருக்கிச் சொல்லும்போது, அச்சொல்லுக்குள் ஆள் இருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முழுமையை நினைவூட்டும்போதே உறுப்பு ஆகுபெயராகின்றது; முழுமையை மறைக்கும்போது அது வெறும் துண்டு.