வழியில் ஓர் இரவு



கோடை விடுமுறை நெருங்கிவிட்டது. கொல்கத்தாவில் வாழும் நம்முடைய தமிழ்க் குடும்பங்களில் இப்போது ஒரே பேச்சுதான். ஊருக்கு என்றைக்குப் புறப்படுவது? எதில் புறப்படுவது? இரண்டாவது கேள்விக்கு முன்பெல்லாம் இடமே இருந்ததில்லை. ஹவுராவில் ரயிலேறினால் சென்னையில் இறங்க வேண்டியதுதான். இப்போது சபையில் பத்துக் குடும்பங்களில் நான்கினிடத்தில் கார் இருக்கிறது. தங்க நாற்கரச் சாலையும் வந்துவிட்டது. பிள்ளைகளும் கேட்கிறார்கள். ஆகவே வித்யாசாகர் பாலத்தைக் கடந்து, கோனா விரைவுச்சாலை வழியாய்ச் சாந்த்ராகாச்சி நெரிசலில் ஒரு மணி நேரத்தைக் கொடுத்துவிட்டு, 16 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கித் திரும்புகிறவர்கள் ஆண்டுதோறும் பெருகி வருகிறார்கள்.

2023 ஜூன் 2 ஆம் தேதிக்குப் பின் ரயிலுக்குப் பயந்து காருக்கு மாறினவர்களும் உண்டு. ஷாலிமாரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட கோரமண்டல் எக்ஸ்பிரஸ் அன்று மாலை பாலேசுவர் மாவட்டத்துப் பஹனகா பஜாரில் விபத்துக்குள்ளாகி 290க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. ஆனால் பயந்து சாலைக்கு ஓடுவதில் அர்த்தமில்லை. 2022 ஆம் ஆண்டில் மட்டும் நம் தேசத்தின் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். காரில் போவது தவறென்று நான் சொல்ல வரவில்லை. அப்படிப் போகிறவர்கள் வழியில் இரவைக் கழிக்கும் விதத்தைக் குறித்தே இந்த மாதம் எழுத விரும்புகிறேன்.

கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ போகிறவர்கள் இன்னும் 600, 700 கிலோமீட்டரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேற்கு நாடுகளில் கோடை வந்துவிட்டால், படுக்கையும் அடுப்பும் கொண்ட சக்கர வீடு ஒன்றைக் காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். இரவானால் அதற்கென்றே அமைந்த மைதானத்தில் நிறுத்திவிட்டுத் தூங்குகிறார்கள். நம்முடைய சாலையில் அந்த வசதியில்லை. ஆயினும் நெடுவழியை இரவுகளாய்ப் பகுத்துக்கொள்வது நம் நகரத்துக்குப் புதிதல்ல. 1957 ஏப்ரல் 15 ஆம் தேதி லண்டனிலிருந்து 'இந்தியாமேன்' என்ற பேருந்து இருபது பயணிகளுடன் புறப்பட்டு, ஜூன் 5 ஆம் தேதி நம் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. போகக் கட்டணம் 85 பவுன், திரும்பிவர 65 பவுன். ஐம்பது நாள் பயணத்துக்கு ஐம்பது இரவுகள் வேண்டும் என்பதை அறிந்தே அவர்கள் புறப்பட்டார்கள். நாமோ நான்கு நாள் வழியை இரண்டு நாளில் முடித்துவிட்டோம் என்று சொல்வதையே பெருமையாக எண்ணுகிறோம்.

இந்தப் பெருமையில் நானும் இருந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம். மனைவி, இரண்டு பிள்ளைகள், என் மாமியார், நான். ஞாயிறு ஆராதனைக்கு ஊர்ச் சபையில் இருந்தாக வேண்டும் என்பது என் திட்டம். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து ஜெபித்து, ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். பிற்பகலில் புவனேஸ்வர். "என்னங்க, இங்கேயே தங்கிவிடலாமே" என்றாள் மனைவி. வெயில் இருக்கும்போதே அறை எடுப்பதா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இரவு பதினோரு மணிக்கு விசாகப்பட்டினம். மறுபடியும் சொன்னாள். "கர்த்தர் பெலன் தருவார்" என்று நான் பதில் சொன்னேன். உண்மையைச் சொல்வதானால், ஓர் அறை வாடகையை மிச்சப்படுத்தும் எண்ணமும் அந்த விசுவாச வார்த்தைக்குள் ஒளிந்திருந்தது.

துனியைத் தாண்டி அன்னவரம் நெருங்குகையில் மணி இரண்டு இருக்கும். எனக்குத் தூக்கம் வந்ததாகவே நினைவில்லை. மாமியாரின் அலறல்தான் நினைவிருக்கிறது. நடுத்தடுப்பின் விளிம்பில் முன்சக்கரம் ஏறி, டயர் வெடித்து, கார் சற்றே சுழன்று நின்றது. ஒருவருக்கும் ஒரு கீறலுமில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த லாரிக்காரர் தம் வண்டியை ஓரங்கட்டி, விளக்கைக் காட்டி, டயரை மாற்றிக் கொடுத்தார். பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்தார். அவர் நம் மார்க்கத்தார் அல்ல. பணம் நீட்டினேன், வாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஊர்ச் சபையில் சாட்சி சொன்னேன். மரணத்தின் பிடியிலிருந்து தேவன் எங்களை விடுவித்தார் என்றேன். அல்லேலூயா முழங்கிற்று. நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் தங்கலாம் என்று என் மனைவி சொன்னதையும், நான் கேட்காமல் ஓட்டினதையும் சொல்லவில்லை. பெண்கள் பக்கத்தில் அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பாதிச் சாட்சி சொன்னவனாய் அன்று இறங்கி வந்தேன்.

பிரியமானவர்களே, மதுபானத்தை நாம் கையாலும் தொடுவதில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவனைப் பாவி என்கிறோம். 1997 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருக்கிற ஒருவருடைய கையும் கண்ணும், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவருடைய கையும் கண்ணும் போலவே தடுமாறுகின்றன என்று அவர்கள் கண்டார்கள். 24 மணி நேரமானால் அது ஏறக்குறைய 100 மில்லிகிராமுக்குச் சமம். நம் தேசத்துச் சட்டம் வண்டி ஓட்டுகிறவருக்கு விதித்த எல்லை 30 மில்லிகிராம். மூன்று மணிக்கு எழுந்தவன் அன்று இரவு எட்டு மணிக்கே அந்த எல்லையைத் தாண்டிவிட்டான். ஒரு சொட்டும் குடியாமலே நான் குடிகாரனைப்போல என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனேன்.

தூக்கம் கலைவதற்காகப் பாட்டைச் சத்தமாக வைப்பார்கள், ஜன்னலை இறக்குவார்கள், காபி குடிப்பார்கள். இவை சற்று நேரத்துக்கு உதவலாம், ஆனால் தூக்கத்துக்கு ஈடாகமாட்டா. 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி கண் மூடினால் வண்டி ஏறத்தாழ 90 மீட்டர் ஓடிவிடும். பின்னிரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரையில் சரீரம் தூக்கத்தையே நாடும்படி தேவன் அதைப் படைத்திருக்கிறார். பகலுணவுக்குப் பின்னும் அப்படி ஒரு வேளை உண்டு. பவுல் அப்போஸ்தலன் பிரசங்கிக்கையிலேயே ஐத்திகு தூங்கி மூன்றாம் தட்டிலிருந்து விழுந்தான் (அப். 20:9). நாம் எம்மாத்திரம்!

விசுவாசத்தினால் ஓட்டுகிறேன் என்கிற சகோதரர்கள், தேவாலயத்து உப்பரிகையின்மேல் நின்று ஆண்டவர் சோதனைக்காரனுக்கு என்ன பதில் கொடுத்தார் என்று மத்தேயு நான்காம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். சூரியன் அஸ்தமித்தபடியினால் யாக்கோபு லூஸில் தங்கினான் (ஆதி. 28:11). அவன் பரலோகத்தின் ஏணியைக் கண்டது அந்தத் தங்கலில்தான். அதே யாக்கோபு முதிர்ந்த வயதில் ஏசாவோடு சேர்ந்து வேகமாய் நடக்க மறுத்ததையும் பாருங்கள் (ஆதி. 33:13, 14). பிள்ளைகள் இளம்பிள்ளைகள், மந்தையை ஒரு நாள் துரிதமாய் ஓட்டினாலும் சாகும் என்று கணக்குப் பார்த்து, அவைகளின் நடைக்குத்தக்கதாய்த் தன் நடையைத் தளர்த்தினான். குடும்பத்தோடு பயணம் போகிற தகப்பன்மாருக்கு வேதத்தில் இதைவிடப் பொருத்தமான பகுதியை நான் அறியேன்.

இனி வழியைப் பார்ப்போம். புவனேஸ்வர், விசாகப்பட்டினம், விஜயவாடா ஆகிய மூன்றும் நம் வழிக்கு இயல்பான தங்குமிடங்கள். கொல்கத்தாவிலிருந்து புவனேஸ்வருக்கு ஏறத்தாழ 440 கிலோமீட்டர். அங்கிருந்து விசாகப்பட்டினமும் ஏறக்குறைய அவ்வளவே. அதிலிருந்து விஜயவாடா 350, பிறகு சென்னை 450. ஒரு நாளுக்கு இதற்குமேல் வேண்டாம். விடியற்காலையில் புறப்பட்டு, மாலை ஐந்து மணிக்குள் இறங்கிவிடுங்கள். ஏப்ரல், மே மாலைகளில் வங்காளத்திலும் வட ஒரிசாவிலும் கால்பைசாகிப் புயல் திடீரென்று எழும்பும். மரம் முறிந்து சாலையில் விழுவதைக் கண்டிருக்கிறேன். பெரும் புயல்களுக்கும் மே மாதம் காலந்தான். 2019 மே 3 இல் ஃபனி புரி அருகிலும், 2021 மே 26 இல் யாஸ் பாலேசுவரை ஒட்டியும் கரை கடந்தன. புறப்படுமுன் வானிலைச் செய்தியைக் கேளுங்கள். இருட்டியபின் விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரிகளும், எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிள்களும், சாலையில் படுத்திருக்கும் மாடுகளும் அனுபவசாலிகளையும் ஏமாற்றும். டயரில் காற்றைக் காலையில், சக்கரம் சூடேறுமுன் பாருங்கள்.

அறையை முன்னதாகவே பதிவு செய்துகொள்வது நலம். நெடுஞ்சாலை விடுதிகள் பலவற்றில் கீழ்த்தளத்தில் மதுக்கூடம் இருக்கும். பெண்பிள்ளைகளோடு இரவு பத்து மணிக்குப் போய் நின்றால் மறுக்க வழியிராது. வெளிச்சத்தில் போனால் பார்த்துவிட்டு வேறிடம் போகலாம். பெரியவர்கள் எல்லாருக்கும் அடையாள அட்டை வேண்டும்.

சிலர் அறை எடுப்பதே இல்லை. வழியிலுள்ள போதகர் வீட்டில் இறங்கிவிடுவார்கள். முன்னறிவிப்பு இராது. இரவு பதினோரு மணிக்கு ஆறு பேர் போய் நின்றால், அந்தப் போதகரம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அந்நியரை உபசரிக்கும்படி வேதம் போதிப்பது வீட்டாருக்கு. அதை விருந்தாளி எடுத்துக் காட்டிக் கேட்பது அழகல்ல. ஆதித் திருச்சபையில் வழங்கிய 'திடாக்கே' என்னும் பழைய கையேடு, வந்து இறங்கும் ஊழியக்காரனுக்கே ஒருநாள், தேவையானால் இன்னொரு நாள் என்று எல்லை வைத்து, மூன்றாம் நாளும் தங்குகிறவனைக் கள்ளத்தீர்க்கதரிசி என்று தள்ளுகிறது. போகத்தான் வேண்டுமானால் ஒரு வாரத்துக்கு முன் கேளுங்கள். அரிசி, எண்ணெய், பழம் வாங்கிக்கொண்டு போங்கள். காலையில் பாயைச் சுருட்டி வையுங்கள்.

இன்னொரு காரியம். இதை எழுத எனக்கு வருத்தமாயிருக்கிறது. ஓட்டுநரை அமர்த்திக்கொண்டு போகிற குடும்பங்களில் அந்த ஓட்டுநர் இரவில் எங்கே படுக்கிறார்? அநேகமாய்க் காருக்குள். மே மாதப் புழுக்கத்தில் ஜன்னலை மூடினால் மூச்சு முட்டும், திறந்தால் கொசு. நாம் குளிர்பதன அறையில் குடும்ப ஜெபம் முடித்துத் தூங்கி எழுந்து, இரவெல்லாம் கண் விழித்தவரிடத்தில் நம் பிள்ளைகளின் உயிரை மறுநாள் ஒப்படைக்கிறோம். நல்ல சமாரியன் காயப்பட்டவனை வழியோரத்தில் விட்டுவிட்டுத் தான் மட்டும் சத்திரத்தில் படுக்கவில்லை. அவனையும் உள்ளே கொண்டுபோய், புறப்படும்போது இரண்டு பணத்தைச் சத்திரக்காரனிடம் கொடுத்தான். பயணச் செலவைக் கணக்கிடும்போது ஓட்டுநருக்கு ஒரு கட்டிலையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். முடியாவிட்டால் ரயிலில் போங்கள்.

பாலேசுவரைத் தாண்டியதும் நெடுஞ்சாலை பஹனகா வழியாகவே போகிறது. அந்த மாலையில் கிராமத்தார் இருட்டில் பெட்டிகளுக்குள் ஏறி, முகம் தெரியாதவர்களைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் சடலங்களைக் கிடத்தினார்கள். பாலேசுவர் மருத்துவமனையில் இளைஞர்கள் இரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் எங்கள் வண்டியில் பாட்டு நின்றுவிடும். பிள்ளைகள் தாங்களாகவே ஜெபிப்பார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் தங்குமிடங்களைத் தீர்மானிப்பது என் மனைவி. அச்சுக்கு அனுப்புமுன் இந்தக் கட்டுரையை அவளிடம் வாசித்துக் காட்டினேன். அன்னவரத்தைப் பற்றிய பகுதியை எடுத்துவிடச் சொல்வாள் என்று நினைத்தேன். கேட்டு முடித்துவிட்டு, "இரண்டு தடவை என்று எழுதியிருக்கிறீர்கள். பிரம்மபூரிலும் சொன்னேன், மூன்று தடவை" என்றாள்.